கிரகரி வாவி: படகை விடுங்க, பாதையில நடங்க

சித்திரை பிறந்தால் ஹட்டன் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: சீசனுக்கு நூரளைக்கு (நுவரெலியாவுக்கு) போவதா, வீட்டிலேயே கிடந்து டிவி பார்ப்பதா? எங்கள் வீட்டில் இந்த முறை போகிற கட்சி ஜெயித்தது. போய் வந்த சூட்டோடு எழுதுகிறேன். அங்கே இருக்கிற கிரகரி வாவியைப் பற்றித் தேடினால் அன்னப் படகின் படமும் "சூப்பர் பிளேஸ்" என்ற ஒரு வரியும்தான் கிடைக்கிறது. பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது போதாது. என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நடக்க, தின்ன, வேடிக்கை பார்க்க அருமையான இடம். காசு வாங்கிக்கொண்டு ஏற்றி இறக்குகிற விளையாட்டுகளில் பாதி தண்டம்.

போனது நான், அம்மா, தம்பி, என் பிள்ளைகள் இருவர். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் அங்கே கடலோரத்துக் காலிமுகத்திடல்தான் அவனுக்கு. அதனால் காற்று வாங்குகிற இடம் எதைப் பார்த்தாலும் "காலிமுகத்திடல்ல என்னன்னா..." என்று ஆரம்பித்துவிடுவான். அம்மா வேறு ரகம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துப் பென்சனானவர். எந்த விலையைச் சொன்னாலும் மனசுக்குள் அதைப் பேராக மாற்றிப் பார்ப்பார். தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும், சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் ஊறிய ஆளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவது தனி அனுபவம். சொல்லப்போனால் இந்த விமர்சனத்தில் பாதி அம்மாவுடையது.

ஹட்டனிலிருந்து நுவரெலியா பஸ். டெவன், சென் கிளயர் ரெண்டு நீர்வீழ்ச்சியும் ஜன்னலிலேயே வந்துபோகும். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. வளைவுகளில் சின்னவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் எலுமிச்சம்பழமும் சொப்பிங் பேக்கும் கையிலேயே இருந்தன. நானுஓயாவுக்கும் டவுனுக்கும் நடுவில் கண்டக்டர் "பிளாக்பூல், பிளாக்பூல்" என்று கூவுவார். இங்கிலாந்தில் இதே பெயரில் பேர்போன கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது. 1894இல் திறந்த கோபுரம், 1896இல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா, கடலுக்குள் நீட்டிக் கட்டிய நடைபாலங்கள். அந்தக் காலத்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள் லீவு விட்டதும் ரயிலேறி அங்கேதான் போவார்களாம். நம்ம பிளாக்பூலில் கடலும் இல்லை, ராட்டினமும் இல்லை. வாவித் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இறக்கி 1913இலிருந்து கரண்ட் எடுத்த இடம் அது. நாம் படகு விடுகிற தண்ணீர்தான் கொஞ்சம் கீழே போய் பல்ப் எரிய வைக்கிறது என்று பெரியவனிடம் சொன்னேன். "அப்ப படகுக்கு ஷாக் அடிக்காதா?" என்று கேட்டான்.

வாவி இயற்கையாக வந்ததல்ல. சதுப்பு நிலமாகக் கிடந்ததை, மலையிலிருந்து வருகிற ஓடையை மறித்துத் தேக்கி 1873இல் உண்டாக்கியது ஆளுநர் வில்லியம் கிரகரி. அதற்குப் பதினாலு வருசத்துக்கு முன்னால், 1859இல், கொழும்பில் காலிமுகத்திடல் நடைபாதையை முடித்துக் கொடுத்தது ஆளுநர் ஹென்றி வார்ட். அங்கே இருக்கிற கல்லில், கொழும்புப் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தம்பி இதைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினான். அந்த 1859இல் நம்ம ஆட்கள் கோப்பிக் காட்டில் நின்றார்கள், அவர்களுடைய பெண்கள் பிள்ளைகள் காற்று வாங்க யாரும் கல் நடவில்லை என்றேன். "அக்கா, லீவு நாள்லயும் ஆரம்பிச்சிட்டியா" என்றான். சரி, விட்டுவிட்டேன்.

வாவிக்கரைப் பூங்காவுக்குள் போக டிக்கட் உண்டு. உள்ளூர்க்காரருக்குச் சொற்பம், வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு. டிக்கட் எடுக்க மனமில்லாவிட்டால் பதுளை ரோட்டோரமாக நடந்தாலே வாவி பக்கத்தில் கூடவே வரும். ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் உள்ளே போவதுதான் நல்லது. சீசனில் அந்த ரோட்டில் வாகனம் வாகனமாக நிற்கும், ஹோர்ன் சத்தத்தில் காது செவிடாகிவிடும்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது அன்னப் படகு. பிள்ளைகள் அதைப் பார்த்தபிறகு வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அன்னத்தின் மூக்கில் பெயின்ட் உரிந்து, கழுத்தில் யாரோ காதல் ஜோடியின் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். சீட்டில் தண்ணீர். எனக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கட்டில் பட்டியின் பூட்டு உடைந்து, அந்த இடத்தை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வேறொன்று கேட்டு வாங்கினேன். நீங்களும் பூட்டை மாட்டிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். நாங்கள் எடுத்த படகுக்காரர், படகு கரையை விட்டு நகர்ந்த நேரத்தை எடுக்காமல் காசு வாங்கிய நேரத்திலிருந்து அரை மணியை எண்ணினார். ஜாக்கட் மாட்டி, சின்னவளை உட்கார வைத்து, பெடலில் கால் எட்டாமல் பெரியவன் அழுது முடித்தபோது கால்வாசி நேரம் போயிருந்தது. ஏறுவதற்கு முன்னாலேயே "எத்தனை மணியிலேருந்து எத்தனை மணிக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவாவிக்குப் போனால் காற்று அன்னத்தின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறது. தம்பி ஒரு பக்கம் மிதிக்கிறான், நான் மறுபக்கம், படகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இதற்குள் ஒரு ஜெட் ஸ்கீ பக்கத்தால் கிழித்துக்கொண்டு போய், அந்த அலையில் சின்னவள் மடியெல்லாம் ஈரம். அந்தத் தண்ணீரின் குளிர் இருக்கிறதே, நூரளை 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை உடம்புக்கு விளக்கிச் சொல்லிவிடும். குளிக்கிற நினைப்போடு யாரும் வர வேண்டாம்.

அம்மா படகில் ஏறவில்லை. செருப்புகளையும் சாப்பாட்டுப் பையையும் காவல் காத்துக்கொண்டு கரையில் இருந்தார். நாங்கள் தொடை நடுங்க இறங்கி வந்ததும் சொன்னது இது: "காசும் குடுத்து மிதிக்கவும் வேற செய்யணுமா? நாங்க அம்புட்டு மலை ஏறினோம், ஒருத்தன் காசு கேக்கலியே." அவர் கணக்கில் படகுக்கு ஒரு முழுப் பேரும் கொஞ்சமும் போயிருந்தது.

குதிரை விசயம். கரையோரம் மட்டக்குதிரைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றல்ல. ஒன்றில் சேணத்துக்குக் கீழே துணியை மடித்து வைத்திருந்தார்கள். அது நகர்ந்தபோது பார்த்தால் தோல் வழண்டு, ஈ மொய்க்கிறது. விலா எலும்பை எண்ணலாம். சின்னவள் அதைத்தான் காட்டி அழுதாள், ஏனென்றால் அதன் நெற்றியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கொஞ்சத் தூரம் தள்ளி இன்னொருவர் நின்றார், வயசானவர். அவருடைய குதிரையின் பிடரி சீவியிருந்தது, குளம்பு சுத்தமாக இருந்தது. அவசரப்படாமல், பிள்ளையின் முதுகில் ஒரு கை வைத்தபடி நடத்திக்கொண்டு போனார். சின்னவளை அதில் ஏற்றினேன். ரிப்பனையும் சேணத்தின் சிங்காரத்தையும் விட்டு, சேணத்துக்கு அடியில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நோகிற மிருகத்துக்கு நாம் காசு கொடுத்தால் நாளைக்கும் அதையேதான் கட்டி இழுத்து வருவார்கள். அம்மா வாயைத் திறக்காத ஒரே செலவு இதுதான். குதிரைக்குப் புல் கொடுத்தாரா என்று மட்டும் அந்தப் பெரியவரிடம் கேட்டார்.

சீசன் கானிவலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராட்டினம், வளையம் எறிதல், பலூன் சுடுதல், எல்லாம் எந்த ஊர்க் கானிவலிலும் இருப்பதுதான். வளையம் எறிவதில் தம்பி ஒரு சோப்பு டப்பா ஜெயித்தான். செலவழித்த காசுக்குக் கடையில் மூன்று வாங்கலாம். ராட்டினம் பரவாயில்லை. உச்சியில் நிற்கிறபோது வாவி முழுதும், குதிரைப் பந்தயத் திடலும், மேகம் விலகியிருந்தால் பிதுருதலாகலையும் தெரியும். அது 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயரமான மலை. இறங்கின பிறகு பெரியவன் அதை விட ராட்டினம்தான் உயரம் என்று சாதித்தான்.

மரணக் கிணறுதான் கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாதது. பலகைகளால் கிணறு மாதிரி வட்டமாகக் கட்டியிருக்கும். நாம் ஏணிப்படி ஏறி மேல் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் அடியில் ரெண்டு சுற்றுச் சுற்றி, சரிந்த பலகையில் ஏறி, அப்படியே நேர்ச் சுவருக்கு வந்துவிடுகிறார். கைப்பிடித்திருந்த கம்பி அதிர்ந்து உள்ளங்கை கூசியது. பெட்ரோல் புகை மேலே வந்து கண் எரிகிறது. சுவர் நெடுக டயர் தேய்ந்த கறுப்புத் தடம், அதன் மேல்கோடு நம் கைக்கு ஒரு முழம் கீழேதான் நிற்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். அந்த மனிதர் ஹாண்டிலை விட்டுவிட்டு, சுவரிலேயே ஓடிக்கொண்டு வந்து அதை ரெண்டு விரலால் பிடுங்கிக்கொண்டு போனார். ஹெல்மட் இல்லை. விழாமல் எப்படிப் போகிறார் என்று பெரியவன் கேட்டதற்குத் தம்பி நன்றாக விளக்கினான்: அந்த வேகத்தில் வண்டி நேராக ஓடப் பார்க்கிறது, சுவர் அதை வளைத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதனால் டயர் பலகையில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது, வேகம் குறைந்தால் பிடி போய்விடும். அம்மா கீழே பார்க்காமல் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவருக்கு இன்னைக்கு எத்தனை ஆட்டம்? ஆட்டத்துக்கு எவ்வளவு குடுப்பாங்க?" வாசலில் டிக்கட் கிழித்தவரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சின்னப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் காட்ட வேண்டாம், விளிம்புச் சட்டம் தாழ்வு.

சாப்பாடு. காலிமுகத்திடல் என்றால் இஸ்ஸோ வடை. அதை இங்கேயும் சுடுகிறார்கள், தம்பி விடுவானா? வாங்கிக் கடித்துவிட்டு, "வடை சரி, இறால் பயணக் களைப்புல இருக்கு" என்று தீர்ப்பு. உண்மைதான், மேலே ஒட்டியிருந்த இறால் காய்ந்து நார் நாராக இருந்தது. மலைக்கு வந்து இறால் தின்னாதீர்கள், சோளம் தின்னுங்கள். மடல் உரிக்காமல் உப்புத் தண்ணீரில் அவித்து, ஆவி பறக்க எடுத்து, மடலையே கைப்பிடியாகத் திருப்பிவிட்டுத் தருவார்கள். அந்தக் குளிருக்கு அதைக் கையில் வைத்திருப்பதே சுகம். ஸ்ட்ரோபரியை டப்பாவில் வாங்குகிறவர்கள் அடியைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். மேலே சிவப்பு, அடியில் நசிந்து தண்ணீர் விட்டிருக்கும். அச்சாறு காரமாக நன்றாக இருந்தது. பிளேன்டீ மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. சுத்திவரத் தேயிலை மலை, கையில் தருவது சாயத் தண்ணீர். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "டஸ்டு. அதுவும் ரெண்டாந்தரம் ஊத்தினது" என்று மண்ணில் கொட்டினார். யாருக்கு விற்கிறோம் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. நல்லவேளையாக வீட்டிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் சுற்றிக்கொண்டு போயிருந்தோம், பிளாஸ்கில் தேத்தண்ணியும் இருந்தது.

இனி நான் நல்லது சொல்கிற பகுதி. சாப்பிட்டுவிட்டு வாவியைச் சுற்றுகிற பாதையில் நடந்தோம், அங்கேதான் இந்த இடம் திறந்துகொள்கிறது. கடைகளின் ஸ்பீக்கர் பின்னால் போய்விடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புல். வாடகைச் சைக்கிள்கள் போகும், ஆனால் நெருக்கடி இல்லை. யார் யாரெல்லாம் நடக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ராகலை, கந்தப்பளைத் தோட்டங்களிலிருந்து புது உடுப்போடு வந்த குடும்பங்கள், பட்டுப்பாவாடைக்கு மேலே ஜேர்சி போட்ட சிறுமிகள். கொழும்புச் சிங்களச் சோடிகள். டப்பாங்குத்துப் பாட்டைப் பெரிய சத்தத்தில் போட்டுவிட்டு வேனுக்குப் பக்கத்திலேயே ஆடுகிற யாழ்ப்பாணத்துப் பொடியன்கள். குளிரில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பெண்கள். அவர்களில் ஒருவர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், கல்முனையாம். வீட்டிலிருந்து பார்த்தாலே கடல் தெரியும், பிறகு ஏன் இவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டார். "கடல் இரிக்கி உம்மா, இந்தக் குளிர் இல்லியே" என்றார். பிறகு ரெண்டு பேரும் முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் நல்லது என்று பேச ஆரம்பித்து, நாங்கள் ஒரு பக்கத்துப் பாதையை நடந்து முடித்துத் திரும்பி வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கொண்டுபோன ரொட்டியில் மிச்சம் அங்கே கைமாறியது, பதிலுக்குத் தொதல் வந்தது. இதற்கெல்லாம் டிக்கட் கிடையாது.

காலிமுகத்திடலா இதுவா என்று தம்பியை மடக்கினேன். பட்டம் விட, அலை பார்க்க, ராத்திரி வெகுநேரம் இருக்க அதுதான் என்றான். ஆனால் அங்கே நிழல் கிடையாது, பகலில் நிற்க முடியாது, இங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் பிள்ளை வெயிலில் ஓடுகிறது என்று ஒத்துக்கொண்டான். நான் ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். பாதைக்கும் மரணக் கிணற்றுக்கும் சோளத்துக்கும் மூன்று, அந்த வயசான குதிரைக்காரருக்கு அரை.

எப்போது போவது? மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் எல்லாம் ஏப்ரலில்தான், அதைப் பார்க்க ஆசையென்றால் நெரிசலைத் தாங்கத்தான் வேண்டும். ரூம் வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், காலையில் வந்து பொழுது சாய முன்னால் திரும்பிவிடுங்கள். காலையிலேயே வரச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சித்திரை மாசத்தில் மத்தியானத்துக்குப் பிறகு மழை இடியோடு இறங்கும். எங்களுக்கும் இறங்கியது. ஒதுங்க இடம் குறைவு, எல்லோரும் கடைக்கூரைகளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றோம். கூட்டமே வேண்டாம் என்கிறவர்கள் பெப்ரவரி, மார்ச்சில் வாரநாளில் வரலாம். கானிவல் இருக்காது, அதனால் அம்மாவின் கணக்கில் ரெண்டு பேர் மிச்சம்.

குளிர் உடுப்பு இல்லாமல் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். டவுனில் பேல் பஜார் இருக்கிறது, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சின ஜாக்கட்டுகள் குவிந்து கிடக்கும். சிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்து, சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். வயசானவர்களோடு வருகிறவர்கள் டொய்லட் எங்கே என்று போனதும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சில்லறைக் காசும் வேண்டும்.

லீக்ஸ், கரட், பீட்ரூட் வாங்குகிறவர்கள் வாவிப் பக்கத்தில் வாங்காதீர்கள், அங்கே சீசன் விலை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற வழியில், சந்தையில் கேட்டுப் பாருங்கள். நாங்கள் வாங்கின லீக்ஸ் கட்டு பையில் அடங்காமல், ஹட்டன் வரைக்கும் முன்சீட்டுக்காரர் கழுத்தில் குத்திக்கொண்டே வந்தது. நல்ல மனுசன், ஒன்றும் சொல்லவில்லை, இறங்கும்போது எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று மட்டும் கேட்டார்.